எட்டாம் அடிக்குறிப்பு

சேர்ந்த அன்று இருபத்திரண்டு பக்கம் நீட்டினார்கள்.
மஞ்சள் சீட்டு ஒட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.
படித்துப் பார்க்கவில்லை.
இனி படித்துப் பார்ப்பதுதான் உன் வேலை
என்றார்கள்.

பதினேழாம் மாடிக் கண்ணாடிக்குள் நான்கு நாள்.
ஐந்தாம் நாள் ஒரு குரல்:
"பழைய தமிழ்ப் பத்திரம் யாருக்குப் படிக்க வரும்?"
என்னைக் கேட்காமலே என் கை உயர்ந்தது.

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
கல்விக் கடனில் தைத்த கறுப்புக் கோட்டு
சென்னை விடுதியில் தொங்குகிறது; இந்த வேலைக்கு அது வேண்டாமாம்.
நேரம்தான் வேண்டும், ஒழுங்காகக் குறித்த நேரம்.
ஆறு நிமிடம் ஓர் அலகு.
நான்கு அலகு ஒரு நாழிகை என்று நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு.
என்னுடைய ஒரு மணிக்கு அவர்கள் வாங்குவது
இங்கே இரண்டு மா நடவுக் கூலி.
கேட் திறக்க ஒன்றேகால் நாழிகை.
இதை யார் தலையில் எழுதுவது?

சார்பதிவாளர் ஆபீசில் சர்வர் படுத்துவிட்டது.
பக்கிரிசாமி ஜெராக்ஸில், ஃபேனுக்குத் தள்ளி,
பத்திரக் கட்டைப் பிரிக்கிறேன்.
நாலரை வேலி. நாளைக்குக் குளிர்பதனக் கிடங்கு.
யாருடையது என்று வெளியே சொல்லக்கூடாது.
"கிடங்குக் கம்பெனி வக்கீலாம்மா?" என்கிறார் பக்கிரிசாமி,
டோனரைக் குலுக்கிக்கொண்டே.

வடக்கே கோரையாற்றுப் பிரிவு வாய்க்காலுக்குத் தெற்கு
கிழக்கே சந்தனசாமி உடையார் நஞ்சைக்கு மேற்கு
தெற்கே ஒற்றைப் பனைக்கு வடக்கு
ஒற்றைப் பனை இப்போது இல்லை.
இல்லாத மரத்துக்கு வடக்கே இருப்பதை
ஆங்கிலத்தில் எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

தொண்ணூற்று நான்கில் ஒரு விடுதலைப் பத்திரம்.
சகோதரர்கள் மூவரும் கையெழுத்து.
சகோதரி தனபாக்கியம், இடது பெருவிரல் ரேகை.
நன்றாக உருட்டி எடுத்திருக்கிறார்கள்,
அரிவாள்மணைத் தழும்புகூடத் தெரிகிறது.

அடுத்த கட்டில்
எண்பத்தெட்டாம் வருஷக் கிரயம், பக்கத்து வயல்.
சாட்சி இரண்டு: மு. தனபாக்கியம்.
நீல மை. துணைக்கால் வரி தாண்டி இறங்குகிறது,
அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.
நோட்டு நோட்டாகப் போட்டுப் பழகிய கையெழுத்து.

ஆறே வருஷத்தில்
பெயர் எழுத மறந்துபோகுமா ஒருத்திக்கு?

போனில் மேக்னா மேடம்.
"ஆள் உயிரோட இருக்காங்களா?"
தெரியவில்லை.
"கேஸ் ஏதும் போட்டாங்களா?"
வில்லங்கத்தில் இல்லை.
"அப்ப அடிக்குறிப்புல ரெண்டு வரி. நல்லாப் பிடிச்சே."

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
கடை வாசலில் நின்று ஒரு டீ குடித்தேன், சர்க்கரை தூக்கலாக.

எட்டாம் அடிக்குறிப்பு. எழுத்தளவு எட்டு.
இரண்டு வரிக்குள் அவளை உட்கார வைக்க
நாலு தடவை அழித்தேன்.
நேரப் பதிவேட்டில்: ஓர் அலகு.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்புகிறேன்.
கேட் மறுபடி மூடியிருக்கிறது.
நெல் ஏற்றிய வேகன்கள் முன்னே போய்ப் பின்னே வருகின்றன.
பக்கத்து சீட்டுக்காரம்மா மடியில் ஒரு குடம் ஐரை மீன்,
பஸ் நின்றும் தண்ணீர் நிற்கவில்லை.
பையிலிருந்து என் இருபத்திரண்டு பக்கத்தை எடுத்து
முதல் வரியிலிருந்து படிக்கிறேன்.

பதினான்காம் பக்கத்தில்
மஞ்சள் சீட்டு இருக்கிறது.
கையெழுத்து இல்லை.

பேனாவைத் திறந்தேன்.
கேட் தூக்கிவிட்டார்கள்; வண்டி குலுங்கியது.