திருப்பித் தரப்படாத முன்பணம்

தலைக்கு இருநூற்றைம்பது டாலர், ஆறு மணி நேரம்.
வில் என்னுடையது, அம்பு என்னுடையது,
கொசு மருந்து உங்களுடையது.
படகிலிருந்து எதையும் தண்ணீரில் எறியக் கூடாது.
முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான்
வெர்லீன் புக்கர் வந்திருந்தார்,
ஆர்கன்சாவிலிருந்து, தனியாகக் காரோட்டி.
இடம் பிடித்தவர் டுவேன். மார்ச்சில், இருவருக்கு.
டுவேன் ஜூலையில் போய்விட்டார்.
"பணம் வீணாகக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்
படகில் கால் வைக்கும்போதே,
நான் எதுவும் கேட்பதற்கு முன்.

கோக்கொட்ரிக்குத் தெற்கே
தரை முடிந்ததா கடல் தொடங்கியதா என்று
வரைபடத்துக்கே தெரியாத இடம்.
கோரை, சேறு, சிப்பி மேடு.
மேற்கே எண்ணெய்க் கிணற்றின் தீ
சூரியன் போன பிறகும் போகாமல் நின்றது.
ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தேன்.
முகப்பில் பன்னிரண்டு விளக்குகள்;
முழங்கால் தண்ணீர் கண்ணாடிப் பெட்டியாயிற்று.
ஒரு நண்டு கோபித்துக்கொண்டு பக்கவாட்டில் போனது.
இறால்களின் கண்கள் கங்கு கங்காய்.

எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்:
மீன் தெரியும் இடத்தில் மீன் இல்லை.
வெளிச்சம் தண்ணீரில் ஒடிகிறது.
தெரிவதற்குக் கீழே குறி வையுங்கள்,
கீழே என்று நினைப்பதற்கும் கீழே.
"எவ்வளவு?"
"ஒரு சாண்."
"டுவேன் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார்."

முதல் ஏழு அம்பும் சேற்றுக்கு.
எட்டாவது ஓர் ஆட்டுத்தலை மீனின்
செவுளுக்குப் பின்னால் தைத்தது.
கைதிச் சட்டைபோல் கறுப்புப் பட்டை, ஐந்து ராத்தல்.
இந்த நேரத்தில் மற்றவர்கள் கத்துவார்கள்,
போனைத் தேடுவார்கள்.
அவர் மண்டியிட்டு
கட்டைவிரலால் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்:
அந்த மீனுக்கு மனிதப் பல்.
முன்வரிசை, கடைவாய், எல்லாம் அச்சாக,
சிப்பி உடைக்க.

முப்பத்தொரு வருடம் பல் மருத்துவமனையில்
பிறர் வாயைச் சுத்தம் செய்தவராம்.
"காரை இல்லை. சொத்தை இல்லை.
இவன் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம்."
சிரித்தார். சிரிப்பு நின்ற இடத்தில்
கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் மட்டும்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துவாலை.
அதற்குள் மேல்வரிசை, கீழ்வரிசை:
டுவேனின் பல்செட்.
"உடுப்புக்கு ஆள் வந்தது. பூட்ஸுக்கு வந்தது.
காதுக் கருவியைக்கூட
தேவாலயத்தில் வாங்கிக்கொண்டார்கள்.
இதை யாரிடம் கொடுப்பது, சொல்லுங்கள்?
தினமும் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்."

பின்பக்க ஒயர் ஒன்று திடீரென்று
என் கவனத்தைக் கேட்டது.
குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு சின்னச் சத்தம்.

பத்தரைக்கே கரை திரும்பினோம்.
மீனை அரிந்து பனிக்கட்டியில் வைத்துக் கொடுத்தேன்;
தலை வேண்டாம் என்றார்.
மீதியை இருவர் கணக்கில் எண்ணி வைத்தார்.
ஒருவருக்குப் போதும் என்றேன்.
காதில் விழாததுபோல் காரைக் கிளப்பினார்.

நவம்பர். வாடைக் காற்று தண்ணீரை வெளியே தள்ளி,
கலங்கல் அடங்கிய ஓர் இரவு.
ஹூஸ்டன்காரப் பையன் ஒருவன் முகப்பில் நின்று
வில்லை முழுக்க இழுத்துவிட்டான்.
"கேப்டன், அந்தச் சிப்பி மேட்டோரம்!
என்னமோ பல்லைக் காட்டுது!"

ஆட்டுத்தலை, என்றேன்.

"அடிக்கவா?"

அடி, என்றேன்.
மேலே குறி வை.
நன்றாக மேலே.