பெரிய வியாழன், பேரணாம்பட்டு

பன்னிரண்டு பேரில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.
"வெடிப்பெல்லாம் கேமராவில் தெரியும் அக்கா" என்று
ரூபன் ரிங் லைட்டைத் தள்ளி வைத்தான்.
ஆம்பூரில் ஷிப்டு விட்டதும் பஸ்ஸேறி வந்து
குழாயடியில் ஒருதரம் கழுவிக்கொண்டு
மறுபடி கழுவப்படுவதற்காக உட்கார்ந்தேன்.

ஆயர் தன் ஷூவைக் கழற்றி
என் நாற்காலிக்குப் பக்கத்தில் விட்டார்.
வெள்ளை. விளிம்பில் சாம்பல் கோடு.
எங்கள் லைன் சரக்கு.
கப்பலேறிப் போனது
பெட்டியும் பெயருமாய்த் திரும்பி வந்திருக்கிறது,
என் ஒரு மாசச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே.
இடது குதிகால் மேல் ஒரு தையல் தப்பியிருந்தது.
செக்கிங்கில் எப்படி விட்டார்கள்?

பேசினில் வெந்நீர். அவர் மண்டியிட்டார்.
திரையில் இதயங்கள் குமிழ் குமிழாய் மேலேறின.
"ஐயா, நெட் போச்சு, அப்படியே இருங்க."

அப்படியே இருந்தார்,
என் கால் அவர் கையில்.
கட்டைவிரல் ஓரம் காய்ந்திருந்த பசையை
நகத்தால் சுரண்டிப் பார்த்து
"எந்தக் கம்பெனிம்மா?" என்றார்.
கண்ணால் ஷூவைக் காட்டினேன்.
அதைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.
பிறகு தலை தூக்காமல்
விரலிடுக்கு ஒவ்வொன்றாய்த் துடைத்தார்,
வெகு நேரம்.

"வந்திருச்சு, முதல்லேர்ந்து போலாம்" என்றான் ரூபன்.
காய்ந்த காலை மறுபடி நனைத்தார்கள்.
அந்த இரண்டாவது தடவைதான் எல்லாரும் பார்த்தது.
நாலாயிரத்துச் சொச்சம் பேராம்.

சனிக்கிழமை லைனில் விசாரிக்க வேண்டும்,
அந்தத் தப்பின தையல் யாருடையதென்று.
என்னுடையதாகத்தான் இருக்கும்.