எட்டுக்கு ஏழு

முன்சக்கரத்தை மட்டும் யாரோ
கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.
சங்கிலிப் பூட்டு கம்பத்தோடு பத்திரமாக இருந்தது.
பதினாறு அங்குலச் சிவப்பு சைக்கிள்
மூக்கைத் தரையில் வைத்து
தொலைத்ததை அதுவே தேடுவதுபோல் கிடந்தது.
லிஃப்ட் அருகே அட்டைப் போலீஸ்காரர்
கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாரிணி அழவில்லை.
"ஒரே ஒரு சக்கரத்த வச்சுகிட்டு
அவங்க என்ன செய்வாங்க?" என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.

ஆ செங் கடையில் பதினாறு தனியாக இல்லை.
புதுசே வாங்கிவிடு, இதற்குச் செலவு செய்யாதே
என்று சொல்லி, எனக்கு முன்னே வந்தவரின்
டயரை மறுபடி தண்ணீரில் அமுக்கினார்.
ஆறாம் மாடி ரோஸ்லான்தான்
மகன் வளர்ந்து விட்டுப்போன சைக்கிளிலிருந்து
பதினான்கு அங்குலம் ஒன்றைக் கொண்டுவந்தார்.
நீல விளிம்பு. ஆரக்கம்பிகளில் கொஞ்சம் துரு.
பிடித்துப் பார்த்து, சுழற்றிப் பார்த்து,
"போலே லா" என்றார்.

நான் இரவில் பீஷான் பணிமனையில்
ரயில் சக்கரங்களைக் கடைகிறவன்.
ஒரே அச்சில் ஒன்று தேய்ந்து
மற்றதைவிட மயிரிழை சிறுத்துப்போனால்
பெரியதையும் செதுக்கிச் சிறியதாக்க வேண்டும்.
எஃகு சுருள் சுருளாக உதிரும்,
தொட்டால் சுடும்.
விடிவதற்குள் சமமாகிவிடும்.
காலை ஆறு மணி ரயிலில் தூங்கி வழிகிறவர் நெற்றி
கண்ணாடியில் இடிக்காது. அதற்குத்தான் சம்பளம்.

வசுமதி வேலை முடிந்து மேலே வரும்போது
நான் கீழே இறங்குவேன்.
லிஃப்ட் வாசலில் சாவி கைமாறும்.
ஞாயிறுகளில் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம்,
எல்லா ஞாயிறும் இல்லை.

அப்படியொரு ஞாயிறு
புளோக்கின் கீழ்த்தளத்தில் செய்தித்தாள் விரித்து
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தினேன்.
ஃபோர்க்கில் அச்சு சொன்னபடி உட்கார்ந்தது.
பிரேக் கட்டைகள்தான் விளிம்பை எட்டாமல்
காற்றைக் கடித்தன. கழற்றிப் பையில் போட்டேன்.
பின்பிரேக் போதும், மெதுவாகப் போ என்றேன்,
சொன்னால் போகிற வயதா.
கைப்பிடியை ஒரு விரற்கடை உயர்த்தி
இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்தும்
முன்பக்கம் குனிந்தேதான் நின்றது.
"இது சைக்கிளா சறுக்குமரமா?" என்றாள் வசுமதி.

நான்கு மொழிகளில் ஓட்டாதே என்ற பலகையைத்
தள்ளிக்கொண்டே கடந்து
கால்வாய் ஓரப் பாதைக்குப் போனோம்.
ஏறினாள். இருபதடி போயிருப்பாள்.
"அப்பா, இது எப்பவுமே இறக்கத்துல போகுது!"
பாதையோ
ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு தட்டை.
அவள் காற்றுக்கு முகம் சுளித்து
இல்லாத சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் இரண்டு டயரிலும்
ஒவ்வொரு மஞ்சள் நட்சத்திரம் ஒட்டியிருந்தாள்,
சொல்வதெழுதுதலில் கிடைத்தவை.
இரண்டும் தரையைத் தொடும்படி நிறுத்திப் புறப்படுவாள்.
நான் பக்கத்தில் நடந்து எண்ண வேண்டும்.
முதல் சுற்றிலேயே ஒன்று முந்தும்.
பிறகு ஒன்று மேலே, ஒன்று கீழே,
ஒன்றையொன்று மறந்துபோன மாதிரி.
பெரியது ஏழு சுற்ற, சின்னது எட்டு.
"சின்னதுதான் ஓவர்டைம் செய்யுது, பாவம்."
எட்டாவதில் இரண்டும் கீழே வரும்போது
"இப்போ!" என்று கத்துவாள்.
நடைப்பயிற்சிக்காரர்கள் ஒதுங்குவார்கள்.

உண்மையில் சேர்வதில்லை.
டயரில் அச்சிட்ட அளவு வேறு, டயர் வேறு.
முன்நட்சத்திரம் ஒரு விரற்கடை தள்ளித்தான் வருகிறது.
அடுத்த முறை இரண்டு விரற்கடை.
பணிமனையாக இருந்தால் ஏற்றிப் பூட்டி
மறுபடி கடைந்திருப்பேன்.

வேலைக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
பாலத்தடியில் அவள் சாய்ந்து திரும்ப
பெடல் ஒரு முறை தரையில் உரசியது.
ஐந்து என்றேன். ஆறு. ஏழு.