பழைய பாக்கி

குதைபியாவில் என் கடை
சலூனுக்கும் தையல்காரருக்கும் நடுவே.
சட்டை, பேனர், காபிக் கோப்பை, சாவிக்கொத்து,
எதன்மேலும் எதையும் அச்சடிப்போம்.

தங்லாவ் கட்சியின் மனாமா கிளை
முதலில் வந்தது பிறந்தநாள் பேனருக்கு.
கட்சிக்குத்தான் பிறந்தநாள். முப்பத்தொன்று.
தங்லாவ் என்றால் விளக்கு என்றாள் மரிவிக்,
கைப்பேசியில் சின்னத்தை விரித்துக் காட்டினாள்:
அரிக்கேன் மாதிரி ஒன்று,
சுடர் நேராக.
"ஆரஞ்சு முக்கியம், குயா.
பக்கத்துக் கட்சியின் ஆரஞ்சாகிவிடக் கூடாது."

நான் சிவகாசிக்காரன்.
ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையில்
எத்தனை மண்டை உடையும் என்று
எனக்கா தெரியாது?

கட்சியின் கதையைச் சொன்னது எலியூதெரியோ,
லிஃப்ட் மெக்கானிக்,
லேமினேஷன் மிஷின் சூடாகும் நேரங்களில்
தவணை தவணையாக.
கரும்புத் தோட்டத்தில் கூலி பாக்கி கேட்டு
ஒன்பது பேர் விளக்கை அணைக்காமல்
விடிய விடிய உட்கார்ந்திருந்தது.
ஒன்பதில் ஒருவர் கவர்னர் ஆனது.
கவர்னரின் மைத்துனர்
அதே தோட்டத்தை விலைக்கு வாங்கியது.
இந்த இடத்தில் மட்டும் அவர்
ஏசி தண்ணீர் சொட்டும் வாளியைப் பார்த்தார்.

"மற்ற எட்டுப் பேர்?"
"அவர்கள் எங்கள் பக்கம்" என்றார்.
அப்போதுதான் தெரிந்தது எனக்கு,
பக்கங்கள் இருப்பது.
மரிவிக்கிடம் கேட்டேன்.
அவள் கணக்கிலும் எட்டுப் பேர்,
அவள் பக்கம்.

மார்ச்சில் மணிலாவில்
ஒரே நாள், இரண்டு ஓட்டல், இரண்டு மாநாடு.
இரண்டிலும் கோரம் இருந்ததாம்.
அது இதை நீக்கியது, இது அதை நீக்கியது.
இங்கே காலையில் நாற்பத்தொரு பேர்;
லுஹருக்கு பாங்கு சொல்வதற்குள்
இருபது, இருபது.
மிச்சம் தோதோங்,
பக்கத்து சலூனில் முடிவெட்டுகிறவன்.
இரண்டு வாட்ஸப் குழுவிலும் இருந்தான்,
இதில் வந்த வசவை
அதில் போடாமல்.

எங்கள் ஊர் என்றால் சின்னத்தை முடக்குவார்கள்.
ஒருவருக்கு இஸ்திரிப் பெட்டி,
இன்னொருவருக்குத் தேங்காய்,
போய்ப் பிழைத்துக்கொள் என்று.
இவர்களுக்கு அதுவும் இல்லை.
சுடரை இடப்பக்கம் சாய் என்றாள் மரிவிக்.
டீ ஆறுவதற்குள் எலியூதெரியோ:
வலப்பக்கம்.
கணினியில் ஒரே கோப்பு.
ஃபிளிப் அழுத்தினேன்.
முப்பத்தொரு வருடத்தைப் பிரிக்க
எனக்கு ஆனது அரை நொடி.

புதுச் சட்டைகள் அடுக்கியாயிற்று, இரண்டு கட்டாக.
பிறகு நோட்டைத் திறந்தேன்.
பிப்ரவரி: தங்லாவ், சட்டை நாற்பத்தொன்று,
எண்பத்திரண்டு தினார், பாக்கி.

"அது பழைய கட்சி, குயா."
"அது அவர்கள் போட்ட கையெழுத்து, பாய்."

ஒன்பது பேரின் பட்டினிக்கு
இரண்டு வாரிசு.
நாற்பத்தொரு சட்டைக்கு
ஒருவரும் இல்லை.
நானும் கட்டை அவிழ்க்கவில்லை.
கூலி பாக்கியில் பிறந்த கட்சி,
புரியும் என்று நினைத்தேன்.

தூதரகத்தில் ஓட்டு வெள்ளிக்கிழமை.
வேறு வழியில்லாமல் இரண்டு அணியும்
பிப்ரவரிச் சட்டையில் போயிருக்கிறது.
சின்னத்தோடு உள்ளே வரக்கூடாது என்றானாம் காவலாளி.
கழிவறைக்குப் போய்
எல்லோரும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப்
போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.
தோதோங் படம் காட்டினான்.
மலிவுத் துணி, மை கசிந்திருந்தது.
நாற்பது முதுகிலும்
மங்கலாய் விளக்கு.
நேரான சுடர்,
திருப்பினாலும் நேராகவே.
யார் எந்த அணி என்று
அச்சடித்த எனக்கே தெரியவில்லை.

"நீ யாருக்குப் போட்டாய்?" என்றேன்.
சிரித்தான், சொல்லவில்லை.
கத்திரியை ஏப்ரன் பையில் செருகிவிட்டு
இரண்டு தினார் எடுத்து மேஜைமேல் வைத்தான்,
தன் சட்டைக்கு.

எண்பத்திரண்டை அடித்து
எண்பது என்று எழுதினேன்.