கால் சுற்று

மழை விட்டு ஒன்பதாம் நாள்.
கொடுங்கையூரில் பாதிக் கதவுகள் மூடவில்லை,
மூடியவை திறக்கவில்லை.
எனக்கு வேலை.

அமலோற்பவம் வீடு, இரண்டாம் மாடி.
வெள்ளம் ஏறவில்லை, ஈரம் ஏறியிருந்தது.
"நாளைக்கு நைட் டூட்டிண்ணே. பூட்டிட்டுப் போவணும்."

கதவைக் கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்தி
ஜன்னல் கம்பியோடு கட்டினேன்.
கண்ணாடி. முகமூடி. கழுத்துக் கயிறு சட்டைக்குள்.
சாண்டரின் பிளக்
என் கண்ணெதிரே தரையில் கிடந்தது.
அது அப்படிக் கிடந்தால்தான் பெல்ட்டைத் தொடுவேன்.
பெருமையாகவே சொல்லித் திரிந்தேன் அப்போது.

லீவரை இழுக்க, முன்னுருளை பின்வாங்கியது.
பழைய பெல்ட் ஒட்டுப்போட்ட இடத்தில் பிசின் விட்டிருந்தது.
மழைக்காலத்தில் மடித்து வைத்தால்
மடிப்பிலேயே அறும்.
நான் பிவிசி குழாயில் கோத்துத் தொங்கவிடுகிறேன்,
வளையல்காரர் மாதிரி.

புதியது எண்பதாம் நம்பர்.
அதன் உள்பக்கம் ஓர் அம்பு,
மெஷின்மேல் ஓர் அம்பு.
இரண்டும் ஒரே திசை பார்க்க வேண்டும்.

விசை விடுபட்டிருக்கிறதா பார்த்து, பிளக்கைச் செருகி,
கவிழ்த்துப் பிடித்து, ஒரு நொடி ஓட்டம்.
பெல்ட் இடப்பக்கம் நழுவியது.
போகட்டும் என்று விட்டால் உறையைத் தின்னும்,
தீய்ந்த வாடை வரும்,
விளிம்பு கிழிந்து முகத்துக்குப் பாயும்.
திருகில் கால் சுற்று.
வலப்பக்கம் போனது.
அரைக்கால் பின்னே.
நடுவில் நின்றது.
நின்றது என்று சொல்லக்கூடாது, நடுவில் ஓடியது.
மரத்தில் வைத்ததும் மறுபடி விலகப் பார்க்கும்.

ஓடவிட்டு இறக்கு, தூக்கிவிட்டு நிறுத்து.
ஒரே இடத்தில் தயங்கினால் பள்ளம்.
ஒயர் தோள்மேல்.

"ரொம்ப எடுத்தா சித்திரைல சுருங்கும்மா, வெளிச்சம் தெரியும்."
"சித்திரையைச் சித்திரைல பாத்துக்கலாம்."

பாதி விளிம்பில் கரன்ட் போனது.
சாண்டரைத் தரையில் வைத்துவிட்டு
டீ குடிக்க இறங்கினேன்.

விரலை எடுத்தாலும் ஓடட்டும் என்று
விசையின் ஓரத்தில் ஒரு குமிழ் உண்டு.
அது அழுந்தியிருந்தது.
பிளக் போர்டில் இருந்தது.
இந்த இரண்டு வரியும் எழுதப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வாய் டீயில்
கடை ஃபேன் சுற்றத் தொடங்கியது.
மாடியிலிருந்து அந்தச் சத்தம்.

நான் படியேறுவதற்குள் அது கூடத்தைக் கடந்திருந்தது,
பிடிக்க ஆளில்லாமல்,
வினைல் விரிப்பைக் கிழித்துக்கொண்டு,
பிரிட்ஜின் காலில் முட்டி நின்று.
அமலோற்பவம் மெயினை இறக்கியிருந்தாள்,
துடைப்பக் கட்டையால்.
ஈரமான போர்டில் அவள் விரல் வைக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
"ஏண்ணே, உங்க மெஷினுக்கு பிரிட்ஜ்ல என்ன வேணுமாம்?"

கை நடுங்கியது.
மறைக்க, தூள்பையைக் கழற்றிக் கொட்டினேன்.
பாதி நிறைந்தாலே கொட்டிவிடுவேன்,
ஆணியில் பட்ட ஒரு பொறி போதும் உள்ளே கனிய.
பழைய செருப்பு ரப்பரால்
பெல்ட்டில் அப்பிய பெயின்ட்டைத் தேய்த்தெடுப்பேன்.
எல்லாம் செய்கிறவன்தான்.

மீதியைத் தேய்த்தேன். கதவு மூடியது, தாழ் விழுந்தது.
விரிப்புக்கு இருநூறு பிடித்துக்கொண்டாள்.

சித்திரையில் கூப்பிட்டாள்.
நூலளவு வெளிச்சம் தெரிகிறதாம்.
ரீப்பர் ஒட்டிச் சமன் செய்யப் போனேன்.
பெல்ட் மாற்ற உட்கார்ந்தேன்.
பிளக் தரையில்தான் கிடக்கிறதா என்று
எட்டிப் பார்த்துவிட்டு
டீ போடப் போனாள்.