கதவிலிருந்து எத்தனை அடி

ஐஸ் டிப்போ கணக்கை முடித்துவிட்டு
அதே மேசையில், அதே ஈரக் கையோடு
போனைத் தேய்த்துத் தேய்த்து
மூன்று ஹோட்டலில் வந்து நின்றோம்.

ஒன்று ஊருக்குள். மலிவு.
சறுக்குகிற இடத்துக்கு வேன் உண்டு,
ஒன்பதுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று.
"வேனை வுட்டா லீவே போச்சு" என்றான் பிரிட்டோ.
ஸ்கூல் பஸ்ஸை வாரம் மூன்று நாள் விடுகிறவன்.
அவனுக்குத் தெரியும்.

இரண்டாவதில் சாப்பாடும் சேர்த்தி.
படத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் பழம் மட்டும்.
எட்வின் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
"மீன் கிடைக்காது போலக்குது" என்றார்,
சாவு சேதி சொல்கிற குரலில்.

மூன்றாவதுதான் சரிவை ஒட்டியது.
கதவைத் திறந்தால் பனி என்று போட்டிருந்தது.
கட்டிலை விட்டு இறங்கிப் பலகையை மாட்டினால்
வாசலிலிருந்தே சறுக்கிக்கொண்டு போகலாமாம்.
ஜெனோவா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள்.
ஒரு நாள் வாடகை
எங்கள் டிப்போவில் தொண்ணூறு பாளம்.

கதவைத் திறந்தால் கடல் என்று
நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்
எர்ணாவூர்க் குப்பத்தில். எனக்கு அப்போது பதினொன்று.
முதல் வருஷம் முன்வீட்டு வேலி போனது.
அடுத்த ஐப்பசியில் முன்வீடு.
அதற்கப்புறம் நாங்கள்தான் முன்வீடு.
ஒரு ராத்திரி தட்டாமல் உள்ளே வந்து
கேஸ் அடுப்பைச் சுவரோரமாய்
நகர்த்தி வைத்துவிட்டுப் போனது.
கருங்கல் கொட்டினார்கள்,
நாங்கள் காலி பண்ணின பிறகு.

அதனால் போன் போட்டேன்.
என் இந்தி லாரிக்காரர்களிடம் கற்றது.
விலையும் வசவும் நன்றாக வரும்,
மற்றது சுமார்.

உங்கள் கதவிலிருந்து சரிவு எத்தனை அடி?

"ஒட்டியே இருக்கு மேடம், இருபது அடிகூட இல்லை."
பெருமையாகத்தான் சொன்னான்.

பனி எப்பவாவது உள்ளே வந்திருக்கா?

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
எல்லோரும் ஹீட்டர் கேட்பார்கள்,
வைஃபை கேட்பார்கள்.
அப்புறம், விற்கிற குரலைக் கீழே வைத்துவிட்டு,
"ஹோட்டலுக்குள்ளே வந்ததில்லை.
எங்க கிராமத்துல ஒரு தடவை. மாட்டுக் கொட்டில்.
நான் சின்னப் பையன்."

எத்தனை மாடு என்றேன்.

"ரெண்டு. ஒரு கன்னுக்குட்டி."

அவன் பெயர் இம்தியாஸ்.
மேல்மாடியில் பின்பக்கம் ஓர் அறை,
சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறதாம்.
ஜன்னலில் தண்ணீர்த் தொட்டியும் தேவதாரு மரமும்.
யாரும் கேட்பதில்லை, அதனால் எழுபது பாளம்தான்.
நான் கேட்டேன்.

தேதி சொல்லுங்க என்றான்.
மே மாசம் என்றேன்.
மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும்,
எங்களுக்கு அப்போதுதான் மூச்சு விட நேரம்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்:
"மேயில வாங்க மேடம். சரிவு இருக்கும்.
பனிதான் இருக்காது."

ஜனவரியில் டிப்போவை மூடினால்
கஜபதி நம்ம கஸ்டமரை எல்லாம் அள்ளிப்பான்
என்று எட்வின் ஆரம்பித்தார்.
பிள்ளைகள் இரண்டும் அவர் வாயையே பார்த்தன.
நான் பென்சிலால் காது குடைந்துகொண்டிருந்தேன்.
அஞ்சு நாள்தானே, அள்ளட்டும் என்று
அவரே முடித்தார், யார் மீதோ கோபமாக.
கணக்கு நோட்டின் பின்னட்டையில்
தொண்ணூறை அடித்து எழுபது என்று எழுதினார்.
பெருக்கினார். மறுபடி பெருக்கினார்.

வெளியே ராத்திரி லோடு வந்து நின்றது.
லாரியிலிருந்து சாய்த்த பலகையில்
பாளங்கள் ஒவ்வொன்றாய்ச் சறுக்கி இறங்கின,
பிறந்தது முதல் கேட்கிற சத்தம்.
ஜெனோவா செருப்பைக் கழற்றிவிட்டு
முட்டியை மடக்கி, கையை விரித்து,
ஈரத் தரையில் நின்று பார்த்தாள்.
பிரிட்டோ அவளைத் தள்ளப் பார்த்தான்.

கடைசிப் பாளம் பிடி தவறி
வேகமெடுத்து உள்ளே வந்து
மேசைக்கு ஓரடி முன்னால் நின்றது.

நான் அதற்குள்
கால் இரண்டையும் தூக்கி
நாற்காலிமேல் வைத்துக்கொண்டிருந்தேன்.