பதினோரு படி

உவர்மலையில் வீடு என்றதும்
மயூரதன் கேட்டது தண்ணீர்.
நான் கேட்டது விலை.
நௌஸாட் நானா இரண்டுக்கும் ஒரே சிரிப்புச் சிரித்தார்.
"கீழ ஒரு ரூமும் இருக்கு தங்கச்சி,
புதுசாச் செய்தது. டைல்ஸ், ஃபேன், எல்லாம்.
வந்து பாருங்களன்."

தெருவில் நின்று பார்த்தால் சின்ன வீடு.
பாசி பிடித்த ஓடு,
மயூரதன் குனிந்து நுழைய வேண்டிய கதவு.
ஒரு புள்ளிமான் முன்வீட்டுக் குப்பைப் பையில்
வாழைத்தோல் இழுத்துக்கொண்டு நின்றது.
எங்களை ஒருதரம் பார்த்தது.
இவர்களால் ஏலாது என்பதுபோல
மறுபடி குனிந்தது.

குசினிக்குப் பக்கத்தில் பலகைக் கதவு.
திறந்தால் படிகள்.
முதல் நாலும் கருங்கல், மிச்சம் சீமெந்து.
கீழே ரியூப் லைற், பெயின்ற் மணம்,
நீலச் சுவர், பிளாஸ்ரிக் ரோசாச் சாடி,
செங்கல் ஒன்று கழன்ற அளவில் ஒரு ஜன்னல்.
அதற்கும் திரைச்சீலை போட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை எனக்கு.
எண்ணாமல் எதையும் நம்புவதில்லை.
பதினொன்று.
"பன்னிரண்டு," என்றார் ஜெயறூபி அக்கா மேலிருந்து.
நான் வாய்விட்டு எண்ணவே இல்லை.
"உன்ர உதடு அசைஞ்சது பிள்ளை."

மூன்றாம் படியில் உட்கார்ந்திருந்தார்.
வீட்டுக்காரி அவர்தான்,
ஆனால் அதற்குக் கீழே இறங்கவில்லை.
மாரிக்கு நிலம் கசியுமாம்.
மேசன் சிறில் அரையடி உயர்த்திக் கொங்கிறீற் போட
கடைசிப் படி அதற்குள்ளே போய்விட்டதாம்.
வேறென்ன போனது என்று நான் கேட்கவில்லை.
ஃபேனைப் போட்டுக் காட்டச் சொன்னேன்.
நன்றாகத்தான் சுற்றியது.

நொத்தாரிசின் மேசையில் வரைபடம் விரிந்தது.
பதினாலு பேர்ச். கிணறு ஒன்று.
கிழக்கெல்லையில் முருங்கை.
பழைய கக்கூசுக்குக்கூட ஒரு சதுரம் இருந்தது.
கீழறை இல்லை.
வங்கி மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார்:
"இல்லாத அறைக்குக் கடன் தர ஏலாது."
மயூரதன் அந்த இடத்திலேயே மூன்று லட்சம் குறைத்துக் கேட்டான்.
எனக்கு வெட்கமாக இருந்தது,
ஆனால் பேசாமல் இருந்தேன்.
ஜெயறூபி அக்கா யோசிக்கவே இல்லை.
"சரி தம்பி.
படத்தில இருக்கக் கூடாது எண்டுதானே
அப்ப அதை வெட்டினது."

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நொத்தாரிசு முத்திரையை ஈரப்படுத்தினார்.

குடிவந்த மூன்றாம் நாள் கரண்ட் போனது.
கீழே சலவை மெஷின் பாதியில் நின்றது,
நாளைய யூனிஃபோம் அதற்குள்ளே.
போனில் சார்ஜ் இல்லை.
சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினேன்.
புதுப் பெயின்ற் விரலில் வழுக்கியது.

எண்ணவில்லை.
கால்தான் எண்ணியது.
ஏழில் நின்றது, நகர மாட்டேன் என்றது.
சம்பூரில் எங்கள் பங்கருக்கு ஏழு படி.
பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து,
அப்பா ஒரே கிழமையில் வெட்டியது.
ஏழாவதில் நான் குந்துவேன்,
தம்பி எப்போதும் என் முதுகில் வந்து விழுவான்,
முழங்காலால் இடிப்பான்,
சொறி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நின்றேன்.
முதுகை ஒருவரும் இடிக்கவில்லை.

பிறகு மிச்ச நாலையும் இறங்கினேன்.
அதற்கும் பிறகு, ஏனென்று தெரியாது,
இன்னொன்றுக்காகக் காலை நீட்டினேன்.
தரை முன்னமே வந்து குதிக்காலில் இடித்தது.
டைல்ஸ் குளிர்ந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.
லைற் இரண்டுதரம் துடித்து எரிந்தது.
மெஷின் விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கியது.
மேலிருந்து மயூரதன்,
"என்னப்பா, சத்தத்தைக் காணேல்ல?"

"பவுடர் கூடிப்போச்சு," என்றேன்.
"நுரைக்குது. இரு, வாறன்."